பெயின்ற் பிறஷை நாமே பழுதாக்குகிற விதம்

பொங்கல் கிட்ட வர கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வீட்டுக்கு வீடு பெயின்ற் வேலைதான், கிணற்றடியில் ஒரு பேணிக்குள் தண்ணீரில் தலைகீழாக ரெண்டு பிறஷ் ஊறிக்கொண்டு நிற்கும். பிறகு கழுவலாம் என்று வைத்தது. முதல் பிழையே இதுதான். தும்பு வளைவது ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீர் தும்பைக் கட்டைப்பிடியோடு சேர்க்கிற தகரப் பட்டிக்குள் ஏறிக் கட்டைப்பிடியை ஊதச் செய்யும், பட்டி தளர்ந்து துருப்பிடிக்கும், அடுத்த முறை சுவர் முழுக்கத் தும்பு ஒட்டும்.

இன்னொன்று, நுனி வெள்ளையாகத் தெரிந்ததும் கழுவியாயிற்று என்று நினைப்பது. பெயின்ற் இறுகுவது பட்டிக்குக் கிட்டே, அடியில். அங்கே காய்ந்தால் தும்பு விரிந்துவிடும், பிறகு நேர்கோடு இழுக்கவே முடியாது. தும்பை விரலால் பிரித்து, அடியிலிருந்து நுனிப் பக்கமாகப் பிதுக்கிப் பாருங்கள், கலங்கல் வந்தால் இன்னும் இருக்கிறது. அடிக்கும்போதே பாதித் தும்புக்கு மேல் தோய்க்காவிட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி குறையும்.

தண்ணீரில் கரைகிற சுவர்ப் பெயின்றான எமல்ஷனுக்குத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும். ஆனால் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீர் என்றால் சவர்க்காரம் லேசில் நுரைக்காது, பாத்திரம் கழுவும் திரவத்தைப் பாவியுங்கள். கொதிதண்ணீர் வேண்டாம், தும்பைப் பிடித்திருக்கும் பசை இளகும். எண்ணெய்ப் பெயின்றான எனாமலைத் தண்ணீரில் கழுவி ஒரு பிரயோசனமும் இல்லை, டர்பன்டைன் வேண்டும். மண்ணெண்ணெய் மலிவுதான், எண்ணெய்ப் பசை தும்பில் நின்றுவிடும் என்பதால் பிறகு சவர்க்காரம் போடாமல் விடாதீர்கள். பெற்றோலில் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் அடுப்படிக்குப் பக்கத்தில்!

வறண்ட கச்சான் காற்று அடிக்கிற நாளில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் எமல்ஷன் பிறஷ் இறுகத் தொடங்கிவிடும். பொலித்தீன் ஷொப்பிங் பையால் காற்றுப் புகாமல் சுற்றி நிழலில் வையுங்கள்.

அப்புறம், கழுவிய டர்பன்டைனைக் கிணற்றடியில் ஊற்றுவது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஒரு போத்தலில் மூடி வையுங்கள், கசடு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை வடித்தெடுத்து அடுத்த எனாமல் பிறஷுக்கு வைத்துக்கொள்ளலாம்.