அடிக்கடி மக்கர் செய்யும் பாப்கேட்டை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கோளாறுக்கு மெக்கானிக்கைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அலுத்துப்போன பிறகுதான் பல ஓனர்களுக்கு பாப்கேட்டை விற்றுவிடலாம் என்ற எண்ணமே வருகிறது. (முன்னால் பக்கெட் வைத்து மண் அள்ளும் சின்ன வண்டிதான் ஸ்கிட் ஸ்டியர் லோடர், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சைட்டில் அதை பாப்கேட் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.) அந்த அலுப்பில், கோளாறை எப்படியாவது மறைத்துத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தத் தொழிலில் அது நிற்கவும் நிற்காது. நேற்று உங்கள் வண்டியை ஓட்டிய ஆபரேட்டர் இன்று வேறு ஓனரிடம் ஓட்டுகிறார், உங்கள் பம்ப்பைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்தான் பக்கத்து ஊர் வண்டிகளையும் பார்க்கிறார், வாங்க வருகிறவர் முதலில் விசாரிப்பதே இவர்களிடம்தான்.

அதிகம் நடப்பது சூடு சம்பந்தப்பட்ட ஏமாற்று. பாப்கேட்டில் இன்ஜின் ஹைட்ராலிக் பம்ப்பைச் சுழற்றும், இடதுபக்கத்துக்கும் வலதுபக்கத்துக்கும் தனித்தனியாக ஆயில் போய் மோட்டாரைச் சுழற்றும், அங்கிருந்து பெரும்பாலான வண்டிகளில் செயின் வழியாகச் சக்கரத்துக்கு. பம்ப் தேய்ந்திருந்தால் ஆயில் ஆறியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது, சூடேறி இளகியதும் அழுத்தம் நிற்காமல் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும், காலையில் நன்றாக இழுத்த வண்டி வெயில் ஏறினதும் மண்மேட்டில் ஏறாமல் திணறும். இதை மறைக்கத்தான் விடியற்காலையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டி அணைத்துவிடுவது, கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றுவது எல்லாம். கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப்புக்கு ஆயில் சரியாக இழுபடாது, ஏற்கெனவே நொந்த பம்ப் இன்னும் சீக்கிரம் போய்விடும். விவரம் தெரிந்தவர் எப்படியும் பக்கெட்டை நிரப்பி அரைமணி நேரமாவது மேட்டில் ஏற்றி இறக்கித்தான் பார்ப்பார். அதனால் நீங்களே சூடாக்கி வைத்துக் கூப்பிடுங்கள், ‘சூடானா இடது பக்கம் இழுவை குறையும், பாருங்க’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: நல்ல விலை வரும் என்று நம்பி பம்ப், மோட்டார் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டு விற்பது. பழைய வண்டியில் போட்ட அந்தப் பணம் பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை. ரிப்பேருக்குப் பதில் கோளாறு எங்கே என்பதைக் கண்டுபிடிக்கச் செலவு செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுவை குறைந்தால், விவரமான மெக்கானிக் இடது வலது ஓஸ்களை (ஆயில் போகும் குழாய்களை) மாற்றிப் போட்டுப் பார்ப்பார், கோளாறும் பக்கம் மாறினால் பம்ப், மாறாமல் அதே பக்கம் நின்றால் மோட்டார் அல்லது செயின் பக்கம். பம்ப்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் கசிவு ஆயிலையும் அளந்து பார்த்து, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு கொட்டேஷனும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘என்னமோ கோளாறு’ என்றால் வாங்குபவர் மனசில் பெரிய தொகையைக் கழிப்பார், கொட்டேஷனை நீட்டினால் அதில் உள்ளதைத்தான் கழிப்பார். முன்பு செய்த ரிப்பேர் பில்களையும் கூடவே வையுங்கள். ஒழுகும் ஓஸ், அடைத்த ஃபில்டர், செத்த பேட்டரி, தளர்ந்த செயின் மாதிரி சின்ன வேலைகளை மட்டும் முடித்துவிடுங்கள்.

கழுவுங்கள், பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். ஓஸ் மேலும் ஃபிட்டிங் மேலும் புதுப் பெயின்ட்டைப் பார்த்தாலே கசிவைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் கை வைப்பதும் அப்படித்தான், மூட்டுகளில் உள்ள பின்-புஷ் ஆட்டமும் சீட்டும் வண்டி எவ்வளவு ஓடியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம் ஒன்று உண்டு. சீட் பார் (ஆபரேட்டர் முன்னால் இறக்கும் பாதுகாப்புக் கம்பி) சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்கிறது என்று பல சைட்டுகளில் ஒரு துண்டு வயரைப் போட்டு அதை பைபாஸ் செய்துவிடுகிறார்கள். ஆபரேட்டர் சீட்டில் உட்கார்ந்து பாரை இறக்கினால்தான் பக்கெட்டைத் தூக்கும் லிஃப்ட் ஆர்மும் பக்கெட்டும் அசைய வேண்டும், அதற்குத்தான் அந்த சுவிட்ச். பெரும்பாலான வண்டிகளில் ஏறி இறங்குவதே இரண்டு ஆர்முக்கும் நடுவே, முன்பக்கமாக என்பதால், பாதி எழுந்த நிலையில் கை லீவரில் பட்டால் ஆர்மும் பாடியும் சேரும் இடத்தில் ஆள் நசுங்கிவிடுவார். பாப்கேட்டில் ஆள் சாவது பெரும்பாலும் இப்படிச் சிக்கித்தான். பம்ப் கோளாறோடு வண்டியை விற்கலாம், இந்த வயரோடு விற்கக் கூடாது. அதைப் பிடுங்கிவிட்டு சுவிட்சைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் வண்டியை ஓட்டிப்போக விடாமல் லாரியில் ஏற்றி அனுப்பி, காரணத்தையும் எழுதிக் கொடுங்கள்.

எழுத்து என்றதும் பலர் ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, பொதுவாக, பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் தெரிந்த குறையை வேலை மெனக்கெட்டு மறைத்தால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் அது மோசடிக்குள் வரும், 19-ஆவது பிரிவைக் காட்டி விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம். என்ன கோளாறு, எப்போது வருகிறது, இதுவரை என்ன செய்தோம், ஓட்டிக் காட்டிய தேதி என்ன என்று தமிழிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கரிடமும் அதே தாளைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் ‘ஒரு குறையும் இல்லாத வண்டி’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பார்.

அப்புறம் ஆர்சி. பணம் வந்தவுடன் பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30-ல் வெறும் கையெழுத்துப் போட்டுப் புரோக்கர் கையில் கொடுத்துவிடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமை. வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து நடந்த அன்று ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, கோளாறுள்ள வண்டிக்கு இந்த பயம் இரட்டிப்பு. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அடைத்து, பாரம் 35 கொடுத்து ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்த பிறகு வண்டியைக் காட்ட ஆரம்பியுங்கள், பெயர் மாறிய ஆர்சியின் நகல் உங்கள் கைக்கு வரும்வரை வாங்குபவரிடம் சின்னத் தொகையாவது டெபாசிட்டாக வாங்கி வைத்தே டெலிவரி கொடுங்கள், அந்த டெபாசிட்டுக்காகவாவது அவர் ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் போவார்.