தடுப்புப் பெப்டைடு கொண்டு ஆன்டிபாடியைச் சோதிக்கும் முறை

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, குறிப்பிட்ட புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனையே வெஸ்டர்ன் பிளாட். அதில் ஓர் ஆன்டிபாடி மூன்று பட்டைகளைக் காட்டினால், அவற்றுள் எவை அதன் பிணைப்பு முனையால் உண்டானவை, எவை வேறு வழியில் ஒட்டிக்கொண்டவை என்று பிரித்தறியத் தடுப்புப் பெப்டைடு என்ற சிறு அமினோ அமிலச் சங்கிலி உதவுகிறது; அது பிணைப்பு முனையை முன்கூட்டியே அடைத்துவிடும். ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட அதே அமினோ அமில வரிசையைச் செயற்கையாகத் தொகுத்தெடுத்ததே இப்பெப்டைடு. முழுப் புரதத்தைக் கொண்டு உருவாக்கிய ஆன்டிபாடிக்கு ஏதோவொரு துண்டு பொருந்தாமல் போகலாம் என்பதால், முதலில் இம்யூனோஜென் (ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட பொருள்) விவரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, பெப்டைடு சேர்க்காமலேயே, பட்டை தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த ஆன்டிபாடி அளவைக் கண்டுகொள்ளுங்கள். அவசரத்தில் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆன்டிபாடி மிகுந்திருந்தால், தடைபடாமல் எஞ்சிய சிறு பங்கே பட்டையைக் காட்டிவிடும்.

எடையளவில் ஆன்டிபாடியைப் போல் 5 மடங்கு பெப்டைடு நல்ல தொடக்க அளவு. 15 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடின் எடை ஏறத்தாழ 1,650 டால்டன், ஐஜிஜி (பொதுவாகப் பயன்படும் வகை) ஆன்டிபாடியின் எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன். ஆகவே 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடிக்கு 5 மைக்ரோகிராம் பெப்டைடு சேர்க்கையில், ஓர் ஆன்டிபாடி மூலக்கூறுக்கு சுமார் 450 பெப்டைடு மூலக்கூறுகள், அதாவது அதன் இரண்டு பிணைப்பு முனைகளில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 225 கிடைக்கின்றன.

ஒரே ஆன்டிபாடிக் கரைசலை மூன்று குழாய்களில் பிரித்து, ஒன்றில் பெப்டைடையும், இன்னொன்றில் அதைக் கரைத்த திரவத்தை மட்டும் அதே அளவிலும், மூன்றாவதில் அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றித் தொகுத்த பெப்டைடையும் சேருங்கள். அறை வெப்பநிலையில் 30 நிமிடமோ, 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதுமோ வைத்தபின், ஒரே மாதிரியை ஏற்றிய மூன்று சவ்வுகளில் ஊற்றலாம். இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியைப் பற்றி அதைப் புலப்படுத்துவது), கழுவும் நேரம், படமெடுக்கும் நேரம் ஆகிய அனைத்தும் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு படத்தின் பிரகாசத்தை மட்டும் கூட்டினாலே ஒப்பீடு பயனற்றுவிடும்.

உரிய பெப்டைடு சேர்த்த சவ்வில் மட்டும் மறையும் பட்டை, பிணைப்பு முனை வழியே உண்டானது. மறையாதது பெரும்பாலும் குறிப்பற்ற ஒட்டுதல், அல்லது இரண்டாம் ஆன்டிபாடியின் வேலை. பாஸ்போ புரதத்துக்கான (பாஸ்பேட் சேர்ந்த புரதத்துக்கான) ஆன்டிபாடியெனில், பாஸ்பேட் உள்ள பெப்டைடு மட்டுமே தடுக்க வேண்டும். பாஸ்பேட் இல்லாததும் தடுத்தால், அந்த ஆன்டிபாடி பாஸ்பேட்டைப் பிரித்தறியவில்லை.

பட்டை மறைந்துவிட்டது என்பதாலேயே அது நாம் தேடும் புரதம் என்றாகிவிடாது. ஒத்த வரிசையுள்ள வேறொரு புரதத்தை அதே முனை பற்றியிருந்தாலும் பெப்டைடு அதையும் தடுத்துவிடும். இந்த ஐயத்தைத் தீர்க்க, அந்த மரபணு நீக்கப்பட்ட செல்களின் சாற்றை அதே ஜெல்லில் பக்கத்துத் தடத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.