வால்பேப்பர் டிசைனை இணைப்புத் தெரியாமல் அமைப்பது எப்படி?

வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் பலர் பூவையும் இலையையும் நுணுக்கமாக வரைந்து முடித்த பிறகே, அவை சுவர் முழுவதும் திரும்பத் திரும்ப வரும்போது எப்படித் தெரியும் என்று பார்க்கிறார்கள். வால்பேப்பருக்கு முதலில் தீர்மானிக்க வேண்டியது அது திரும்பும் முறையைத்தான்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சுருள் 53 செ.மீ. அகலமும் சுமார் 10 மீட்டர் நீளமும் கொண்டது. ஆகவே ஓர் அலகை, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டை, 53 செ.மீ. அகலம், 64 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டு, அங்குலத்துக்கு 150 பிக்சல் வீதம் 3,130 × 3,780 பிக்சலில் கோப்பைத் திறக்கலாம். அலகுகளை நேராக அடுக்கினால் ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையைப்போலக் கட்டம் தெரியும். தரைக்கு அது அழகுதான், கொடி படர வேண்டிய சுவருக்குப் பொருந்தாது. சுருளிலிருந்து வெட்டி ஒட்டும் பட்டைகளில், அடுத்த பட்டையைப் பாதி உயரம், அதாவது 32 செ.மீ., இறக்கி ஒட்டும் ஹாஃப் டிராப் முறையே கொடிக்கு ஏற்றது.

சங்குப்பூக் கொடி ஒன்றை வாட்டர்கலரில் வரைந்து ஸ்கேன் செய்திருப்பதாகக் கொள்வோம். ஃபோட்டோஷாப்பில் அதைக் கோப்பின் நடுவில் வைத்து, நான்கு ஓரங்களையும் வெறுமையாக விடுங்கள். படத்தை நகர்த்தும் ஆஃப்செட் ஃபில்டரில் செங்குத்தாக 1,890 பிக்சல் கொடுத்து, ஓரத்தில் வெளியேறுவதை எதிர் ஓரத்தில் கொண்டுவரும் ராப் அரவுண்டைத் தேர்ந்தெடுத்தால், மேல் ஓரமும் கீழ் ஓரமும் நடுவில் வந்து சேரும்; அந்த இடைவெளியைக் கொடியால் நிரப்புங்கள். பிறகு லேயரை நகலெடுத்து, நகலை மட்டும் அதே ஃபில்டரில் மீண்டும் செங்குத்தாக 1,890 பிக்சல் நகர்த்தி, கேன்வாஸின் அகலத்தை இரட்டிப்பாக்கி வலப்பக்கம் ஒட்டவைத்தால், சுவரில் இரு பட்டைகள் சேரும் இடம் அப்படியே கண்முன் வரும். அந்த இணைப்பின் மேல், கேன்வாஸின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடாமல் வரைந்துவிட்டு, சரிநடுவில் 3,130 பிக்சல் அகலத்தை மட்டும் வெட்டி எடுங்கள். அதுவே புதிய அலகு. விளிம்புகளில் எஞ்சிய வெற்றிடத்தை, செங்குத்தாக இன்னொரு முறை ஆஃப்செட் செய்து நிரப்பிவிடலாம். இல்லஸ்ட்ரேட்டரில் வெக்டாராக வரைவோருக்கு இவ்வளவு பாடில்லை. பேட்டர்ன் ஆப்ஷன்ஸில் ஹாஃப் டிராப்புக்கான பிரிக் பை காலம் (Brick by Column) என்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

அடுத்து, ஒன்றுவிட்டு ஒரு பட்டையை 1,890 பிக்சல் இறக்கி, நான்கு பட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, திரையில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அருகில் தெரியாத வெள்ளைத் தடங்களும், கண்ணை இழுக்கும் ஒற்றைப் பூவும் அப்போதுதான் தெரியும். தடத்தை அடைக்கப் புதிய பூக்களைத் திணிப்பதைவிட, இருக்கும் ஓர் இலையைத் திருப்பி வைப்பதோ, அடர்ந்த பூவின் நிறத்தைச் சற்றுக் குறைப்பதோ நல்லது என்பது என் கருத்து.

சங்குப்பூவின் அடர்நீலம் திரையில் ஒளிர்ந்தாலும், சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளாலான சிஎம்ஒய்கே அச்சில் மங்கிவிடும். எனவே, அச்சகத்தாரிடம், அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் கலர் புரொஃபைல் கோப்பைக் கேட்டு வாங்கி அதில் சரிபார்த்து, அலகின் ஒரு பகுதியை அசல் அளவிலேயே அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகே முழுச் சுருளுக்கு ஒப்புதல் கொடுங்கள். கோப்புப் பெயரிலேயே 64/32 (அலகின் உயரம்/இறக்கம், செ.மீ.) என்று குறித்துவிட்டால், ஒட்டுபவருக்கு எவ்வளவு இறக்க வேண்டும் என்ற குழப்பம் வராது.