வீடியோ பண்பேற்றம்: வானொலிப் பழக்கத்தால் நேரும் தவறுகள்

அனலாக் தொலைக்காட்சியைப் படிக்கத் தொடங்குபவர்களில் பலர், வானொலி ஒலியை ஊர்தி அலையில், அதாவது அதைச் சுமந்து செல்லும் உயர் அதிர்வெண் அலையில், ஏற்றுவது போலவே படத்தையும் ஏற்றிவிடலாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இப்படி ஏற்றுவதுதான் பண்பேற்றம். பெரும்பாலான தவறுகள் அந்த எண்ணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

படம் வெளிச்சமானால் ஊர்தி அலையின் வீச்சும் கூடும் என்று கருதுவது அவற்றுள் முதன்மையானது. பிரிட்டனின் பழைய 405 வரி முறையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 625 வரிகள் கொண்ட 'பி' (System B) என்ற அனலாக் ஒளிபரப்பு முறையில் அது தலைகீழ்: வரிகளின் தொடக்கத்தை ஏற்பிக்குக் காட்டும் ஒத்திசைவுத் துடிப்பின் உச்சியில் வீச்சு 100 சதவீதம், கருமைக்கு ஏறத்தாழ 75, வெண்மைக்கு 10 சதவீதத்தை ஒட்டி. இதனால் வாகனங்களின் தீப்பொறி இரைச்சல் கண்ணை உறுத்தும் வெள்ளைப் புள்ளிகளாக இல்லாமல் கரும்புள்ளிகளாகவே தெரியும். உச்சி மட்டம் காட்சிக்கு ஏற்ப மாறாததால், ஏற்பி தன் பெருக்கத்தை அதைக் கொண்டே சரிசெய்துகொள்ள முடிகிறது.

படம் இன்னும் பளிச்சென்று இருக்கட்டும் என்று மாடுலேட்டரில் (பண்பேற்றம் செய்யும் கருவியில்) வீடியோ மட்டத்தைத் திருகி ஏற்றுபவர்கள், அந்த 10 சதவீதம் எதற்காக விட்டுவைக்கப்பட்டுள்ளது என்பதை மறந்துவிடுகிறார்கள். படத்தின் ஊர்தி அலைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒலிக்குரிய ஊர்தி அலை, அதிர்வெண் பண்பேற்றத்துடன் (எஃப்.எம்.) வருகிறது. இரண்டும் கலந்து உண்டாகும் 5.5 மெகாஹெர்ட்ஸ் வேறுபாட்டு அலையிலிருந்தே பெரும்பாலான பெட்டிகள் ஒலியை எடுக்கின்றன. வெண்மையில் படத்தின் ஊர்தி அலை அற்றுப்போனால் வேறுபாட்டு அலையும் அற்றுப்போகும். திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றியதும் ஒலிபெருக்கி கொர்ரென்று உறுமி, அவை மறைந்ததும் அடங்கினால், ஒலிப் பகுதியைப் பிரித்துப் போடுவதற்கு முன் பண்பேற்றத்தின் ஆழத்தைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

பண்பேற்றத்தால் ஊர்தி அலையின் இரு பக்கமும் உண்டாகும் அதிர்வெண் பட்டைகளான பக்கப்பட்டைகள் விஷயத்திலும் அரைகுறைப் புரிதல் உண்டு. 5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வீடியோவை இரு பக்கப்பட்டைகளோடும் முழுதாக அனுப்ப 10 மெகாஹெர்ட்ஸ் வேண்டும்; 'பி' முறையில் ஓர் அலைவரிசைக்குக் கிடைப்பதோ 7. எனவே கீழ்ப் பக்கப்பட்டை வெட்டப்படுகிறது என்பது சரி, முழுவதும் வெட்டப்படுகிறது என்பது தவறு. படத்தின் தாழ் அதிர்வெண்கள் ஊர்தி அலையை ஒட்டியே அமைவதால், அவற்றைச் சிதைக்காமல் அந்த இடத்தில் கத்தி வைத்தாற்போல் வெட்டும் வடிகட்டி கிடையாது, ஆகவே 0.75 மெகாஹெர்ட்ஸ் எச்சமாக விடப்படுகிறது. அந்த எச்சப் பகுதியில் தாழ் அதிர்வெண்கள் இரு பக்கமும் வருவதால், ஏற்பியின் வடிகட்டிச் சரிவு ஊர்தி அலையைப் பாதி வீச்சில் கடக்குமாறு அமைய வேண்டும். இதைக் கவனிக்காமல் டியூன் செய்தால் தாழ் அதிர்வெண்கள் மிகைப்பட்டு, படத்தின் நுண்விவரங்கள் மங்கிவிடும்.

டிஜிட்டலுக்குப் பண்பேற்றமே தேவையில்லை என்பதும் தவறே. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டிவிபி-டி முறையின் 8கே வகை (இது படத் தெளிவைக் குறிக்கும் 8கே அல்ல) 6,817 ஊர்தி அலைகளில் தரவைப் பகிர்ந்து ஏற்றுகிறது. அங்கே ஒத்திசைவு உச்சி என்று ஒன்று இல்லாததால் திறனைச் சராசரியாகவே குறிக்கிறார்கள். அனலாக்கில் குறிப்பதோ உச்சித் திறன். இரு பரப்பிகளின் வாட் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.