க்யூட்ல (Qt) டேபிளுக்கு சார்ட் (வரிசைப்படுத்துறது), ஃபில்டர் (வடிகட்டுறது) வைக்கிறது எப்படி

கடை ஸ்டாக் லிஸ்ட்னு வச்சுக்கோங்க, பொருள் பேரு, விலை, இருப்பு, எக்ஸ்பைரி தேதினு நாலு காலம், அதாவது நாலு நெடுவரிசை. தலைப்பை க்ளிக் பண்ணா வரிசை மாறணும், மேல இருக்க பாக்ஸ்ல டைப் பண்ணா தேடுறது மட்டும் நிக்கணும். க்யூட்ங்கிறது ஜன்னல், பட்டன், டேபிள் எல்லாம் வச்சு ஆப் எழுதுற கருவித்தொகுப்பு, அதை பைத்தான்ல பயன்படுத்த உதவுற பைசைட் 6 வச்சு இதை எப்படி பண்றதுனு சொல்றேன், சி பிளஸ் பிளஸ்லயும் இதே பேருங்கதான்.

முதல்ல ஒண்ணு, க்யூட்ல ரெடிமேடா வர்ற டேபிளான க்யூடேபிள்விட்ஜெட் பக்கம் போகாதீங்க. சின்ன லிஸ்ட்டுக்கு ஓகே, ஆனா அதுல டேட்டாவும் காட்டுறதும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும், சார்ட் ஆன்ல இருக்கும்போது ரோ சேர்த்தா பாதி நிரப்புறதுக்குள்ள அந்த ரோ வேற இடத்துக்கு ஓடிடும். டேட்டாவை ஒரு மாடல்ல (டேட்டாவை மட்டும் வச்சிருக்க பகுதி) வைங்க, காட்ட க்யூடேபிள்வியூ (இதுதான் வியூ), நடுவுல வரிசை மாத்தி, வடிகட்டி அனுப்புற க்யூசார்ட்ஃபில்டர்ப்ராக்ஸிமாடல் (இதுதான் ப்ராக்ஸி). ப்ராக்ஸியோட செட்சோர்ஸ்மாடலுக்கு உங்க மாடலைக் குடுங்க, வியூவோட செட்மாடலுக்கு ப்ராக்ஸியைக் குடுங்க, வியூல செட்சார்ட்டிங்எனேபிள்ட் ஆன் பண்ணுங்க, தலைப்பு க்ளிக் வேலை செய்ய ஆரம்பிச்சிடும். அசல் டேட்டா ஒரு இஞ்ச் கூட நகராது, அதுதான் இந்த முறையோட பெரிய பலம்.

விலை காலத்தை சார்ட் பண்ணா 9-க்கு முன்னாடி 100 வந்து நிக்குதா? விலையை ஸ்ட்ரிங்கா போட்டிருக்கீங்க. மாடல்ல ஒரே கட்டத்துக்கு ரோல்னு தனித்தனி பேர்ல பல மதிப்பு வைக்கலாம், காட்டுறதுக்கு "₹1,250"னு டிஸ்ப்ளேரோல்ல இருக்கட்டும், வெறும் எண்ணை யூஸர்ரோல்ல வச்சுட்டு ப்ராக்ஸில செட்சார்ட்ரோல் யூஸர்ரோல்னு மாத்துங்க, ஆனா ப்ராக்ஸி எல்லா காலத்துக்கும் அதே ரோலைத்தான் பாக்கும், அதனால பேரையும் தேதியையும் கூட அங்க போட்டு வைக்கணும், தேதியை ஸ்ட்ரிங்கா போடாம க்யூடேட் (QDate) வகையாவே போடுங்க.

தமிழ்ப் பேருங்க இருந்தா இன்னொரு சிக்கல் இருக்கு, இதை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். யூனிகோட் எண் வரிசைல ன வந்து ந-வுக்கு அடுத்து உக்காந்திருக்கு, நம்ம நெடுங்கணக்குல அதுதான் கடைசி எழுத்து. அதனால பருப்புக்கு முன்னாடி பன்னீர் வந்துடும். ப்ராக்ஸில எது முன்னாடி வரணும்னு முடிவு பண்ற லெஸ்தேன் ஃபங்ஷனை ஓவர்ரைடு பண்ணி (நீங்களே திரும்ப எழுதி), தமிழ் லொக்கேல் (மொழி அமைப்பு) குடுத்த க்யூகொலேட்டரை, அதாவது மொழி வரிசைப்படி ஒப்பிடுற கருவியை வச்சு கம்பேர் பண்ணுங்க, நம்ம ஆளுங்க கண்ணுக்குப் பழகின வரிசை கிடைக்கும்.

இப்போ தேடல். எந்தக் காலத்துல தேடணும்னு ப்ராக்ஸிக்குச் சொல்றது செட்ஃபில்டர்கீகாலம், அதை சும்மா விட்டா 0, அதாவது முதல் காலத்துல மட்டும்தான் தேடும், எல்லாத்துலயும் தேட -1 குடுங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்க வேணாம்னும் சொல்லிடுங்க. யூஸர் டைப் பண்றதை ரெகுலர் எக்ஸ்பிரஷனா (சில குறிகளுக்குத் தனி அர்த்தம் இருக்க தேடல் வடிவம்) அனுப்பாதீங்க, ஒரு அடைப்புக்குறி போட்டாலே குழம்பிடும், செட்ஃபில்டர்ஃபிக்ஸ்ட்ஸ்ட்ரிங் போதும். தேடலோட சேர்த்து வகை காம்போ பாக்ஸ், "இருப்பு தீர்ந்தது மட்டும்"னு ஒரு டிக் எல்லாம் வேணும்னா ஒரு ரோவைக் காட்டலாமா வேணாமானு முடிவு பண்ற ஃபில்டர்அக்செப்ட்ஸ்ரோவை நீங்களே எழுதணும், எந்த கண்டிஷன் மாறினாலும் மறுபடி வடிகட்டச் சொல்ல இன்வாலிடேட்ஃபில்டர் கூப்பிடணும். ஃபில்டர்அக்செப்ட்ஸ்ரோ ஒவ்வொரு ரோவுக்கும் ஓடும், அதனால அதுக்குள்ள டேட்டாபேஸ் க்வெரியெல்லாம் வைக்காதீங்க, லிஸ்ட் பெருசுனா ஒரு க்யூடைமர் போட்டு டைப் பண்ணி நிறுத்தின 250 மில்லிசெகண்டுக்கு அப்புறம் ஃபில்டர் பண்ணுங்க.

கடைசியா, ரொம்ப ஆபத்தான இடம் டிலீட் பட்டன். வியூல செலக்ட் ஆன ரோ நம்பர் ப்ராக்ஸியோட நம்பர், மாடலோடது இல்ல. ஸ்க்ரீன்ல 3-வதா தெரியறது மாடல்ல 740-வதா இருக்கலாம். ப்ராக்ஸி நம்பரை மாடல் நம்பரா மாத்தித் தர்ற மேப்டுசோர்ஸ் போடாம அந்த நம்பரை நேரா மாடல்ல அழிச்சா வேற எவனோட பொருளோ போயிடும், எரர் கூட வராது. பல ரோவை ஒண்ணா அழிக்கணும்னா முதல்ல எல்லாத்தையும் மேப் பண்ணி வச்சுக்கிட்டு, பெரிய நம்பர்ல இருந்து சின்ன நம்பருக்கு இறங்கி வாங்க, இல்லைனா ஒண்ணு அழிச்சதும் மிச்ச நம்பரெல்லாம் நழுவிடும்.