தாய்லாந்துக் கம்பெனிகள் ஈஆர்பி போடும்போது எங்கே சறுக்குகின்றன?

தாய்லாந்தில் ஒரு கம்பெனியின் பாக்கிப் பட்டியலில் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் கெடு தாண்டவே இல்லை. நான்கு மாதமாகப் பணம் வரவில்லை, ஆனால் பட்டியலில் இன்னும் நாள் இருப்பதாகவே காட்டியது. பில்லைத் திறந்து பார்த்தால் வருடம் 2567. தாய்லாந்தில் அன்றாடம் எழுதுவது புத்த வருடம். நம் காலண்டரைவிட 543 கூடுதல், ஆக 2567 என்றால் 2024. பில் போட்ட பெண் கைப்பழக்கத்தில் அதைத் தட்டிவிட்டார், மென்பொருளும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கணக்குப்படி அந்த ஆளிடம் பணம் கேட்க இன்னும் ஐந்து நூற்றாண்டு இருந்தது.

பாங்காக் புறநகரில் பேக்கிங் சாமான் விற்கும் நடுத்தரக் கம்பெனி அது. ஈஆர்பி, அதாவது சரக்கு, பில், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து ஓட்டும் மென்பொருள், போட்டு ஒரு வருடம் ஆகியும் ஏன் எதுவும் ஒட்டவில்லை என்று பார்க்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள். அங்கே பார்த்த தவறுகளை அப்புறம் வேறு பல இடங்களிலும் பார்த்துவிட்டேன்.

முதல் தவறு, மூச்சு முட்டும்வரை காத்திருப்பது. வழக்கமான தாய் கம்பெனியில் ஆர்டர் லைன் என்ற அரட்டை ஆப்பில் வரும். சரக்குக் கணக்கு எக்ஸெலில் இருக்கும். கணக்கு வழக்கு வெளியே ஒரு கணக்கு அலுவலகத்தில். மாதக் கடைசியில் பில்களை ஒரு பையில் போட்டு அனுப்புவார்கள். வருட விற்பனை 18 லட்சம் பாட் தாண்டி வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு வந்த பிறகும் இதே ஏற்பாடு ஓடும், ஏனென்றால் மிச்சமெல்லாம் முதலாளியின் தலையில் இருக்கிறது. இரண்டாவது கிளை, ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் என்று ஆன்லைன் கடைகள் வந்ததும் அந்தத் தலையில் இடம் போதாது. அப்போது அவசர அவசரமாகப் பெரிய மென்பொருளாக ஒன்றை வாங்குவார்கள். ஒரே கடை என்றால் ஃப்ளோஅக்கவுண்ட், பீக் மாதிரி மாதச் சந்தா கணக்கு மென்பொருளே போதும். ஒரே எண்ணை மூன்று பேர் மூன்று இடத்தில் தட்டுகிறார்கள் என்று தெரிந்த நாள்தான் ஒருங்கிணைந்த மென்பொருளுக்கான நாள். லாரியில் ஏறிய பெட்டியை கோடவுனிலேயே ஒரு தடவை பதிந்தால் சரக்கும் பில்லும் வாட்டும் பாக்கியும் தானாக நகர வேண்டும். அதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: இரண்டு கணக்குப் புத்தகம். வரிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வைத்திருந்த குடும்பக் கம்பெனிகள் அங்கே நிறைய. 2016 முதல் அரசு 'ஒரே கணக்கு' என்று தள்ளிக்கொண்டு வந்தது. 2019 முதல், கடன் கேட்டால் வருவாய்த் துறையில் தாக்கல் செய்த அதே கணக்கைத்தான் வங்கி பார்க்கும் என்றானது. இனி ஒரே கணக்குதான் என்ற முடிவை எடுக்காமல் ஈஆர்பி வாங்குபவர், வேலை தொடங்கிய இரண்டாவது வாரமே மெதுவாகக் கேட்பார்: "பில் இல்லாமல் சரக்கு வெளியே போக வழி உண்டா?" மென்பொருள் போடுபவரும் பாவம், கற்பனைக் கோடவுன் ஒன்றை உருவாக்கிக் கொடுப்பார். அன்றோடு ஒருங்கிணைப்பு செத்தது. திரையில் இருக்கும் சரக்கும் தரையில் இருக்கும் சரக்கும் அதற்குப் பிறகு சேரவே சேராது.

மூன்றாவது, வரியை 7 சதவீதம் என்ற ஒற்றை எண்ணாகப் பார்ப்பது. பொருள் விற்றால் டெலிவரி கொடுக்கும்போதே வாட் விழுகிறது. சேவை என்றால் பொதுவாகப் பணம் கைக்கு வரும்போதுதான். மெஷினும் விற்று அதைப் பொருத்தியும் கொடுக்கும் கம்பெனிக்கு ஒரே வேலையில் இரண்டு வரித் தேதி. நம் ஊர் ஜிஎஸ்டிக்கு எழுதிய மென்பொருளில் வரி விகிதத்தை மட்டும் மாற்றிக் கொண்டுபோனவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

அப்புறம் பிடித்தம். நம் டிடிஎஸ் போலத்தான். 1,00,000 பாட்டுக்குச் சேவை செய்தால் வாட் சேர்த்து பில் 1,07,000. வாடிக்கையாளர் 3 சதவீதம், அதாவது 3,000 பாட், வரியாகப் பிடித்துக்கொண்டு 1,04,000 அனுப்புவார். கூடவே 'ஹா சிப் தவி' என்ற பிடித்தச் சான்று வர வேண்டும். மென்பொருளுக்கு இது தெரியாவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் 3,000 பாக்கி தொங்கும், வசூல் பெண் தினமும் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். சான்று வந்ததா என்று குறிக்க ஓர் இடம் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்: வருடக் கடைசியில் கம்பெனி வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய பணம் அது, காகிதம் இல்லாமல் கழிக்க முடியாது. வாடகைக்கு 5, போக்குவரத்துக்கு 1, விளம்பரத்துக்கு 2 என்று விகிதமும் மாறும். ஆகவே டெமோவில் அழகான கிராஃபைப் பார்த்து மயங்காமல், உங்கள் சொந்த பில்கள் பத்தைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். வரி பில்லில் வாங்குபவரின் 13 இலக்க வரி எண்ணும் கிளை எண்ணும் சரியாக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகம் என்றால் 00000. தப்பாகப் போனால் பில் திரும்பி வரும்.

பெயர்கள் தனித் தலைவலி. தாய்லாந்தில் எல்லோருக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டு, வியாபாரமும் அதில்தான் நடக்கிறது. லைனில் அவர் 'குன் நோக்'. பில்லில் கம்பெனிப் பெயர். கோடவுனில் கடைப் பெயர். மூன்றையும் அப்படியே ஏற்றினால் ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு, மூன்று கடன் வரம்பு. நான் பார்த்த இடத்தில் 2 லட்சம் பாட் கடன் தரலாம் என்று வைத்திருந்தவருக்கு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சரக்கு போயிருந்தது. மென்பொருள் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.

பயிற்சியில் நடப்பது வேறு கதை. 'கிரெங் ஜாய்' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சிரமம் தரக்கூடாதே, அவர் முகம் வாடக்கூடாதே என்ற தயக்கம். "புரிந்ததா?" என்று கேட்டால் அறை முழுக்கத் தலையாட்டும். மறுநாள் காலை எல்லோரும் எக்ஸெலில் இருப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கேள்வி கேட்ட முறைதான் தப்பு. போன வாரம் வந்த லைன் ஆர்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, இதைப் பதியுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் பாடம். முதலாளி அந்த அறையில் இருக்கவே கூடாது.

தொடங்கும் தேதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரல் வேண்டாம். தாய் புத்தாண்டான சொங்க்ரானுக்குப் பாதி ஊழியர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கணக்குப் பிரிவுக்கோ அது வருடக் கணக்கை முடிக்கும் நேரம்.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள், இரண்டு மாதம் தாராளம். பேக்கிங் கம்பெனியில் அந்தத் தேதிக்குப் பிறகும் கோடவுன் பெண் தன் நோட்டை விடவில்லை. பிடுங்கச் சொன்னார் முதலாளி. நான் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். நோட்டு சரி, திரை தப்பு. விற்பனையாட்கள் சாம்பிள் என்று சொல்லிப் பெட்டி பெட்டியாக எடுத்துப்போக, அதைப் பதிய மென்பொருளில் யாரும் ஒரு வழியே வைத்திருக்கவில்லை.