ஆய்வுக் கட்டுரை தேடுவதும் குறிப்பிடுவதும்

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவின் மீன்பிடி பற்றி எழுதப் போகிறீர்களா? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்கொலரில் குடாவின் பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒன்றோடு நின்றால் நல்ல கட்டுரைகள் தப்பிவிடும். பொருத்தமான ஒன்று அகப்பட்டால், கீழே ‘சைட்டட் பை’யை அழுத்துங்கள், அதை எடுத்தாண்ட பிந்திய ஆய்வுகள் வரும். பழைய தமிழ் நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது, இலவசம்.

பிடிஎப்பை இறக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம், கட்டுரையின் நிலையான அடையாளமாக 10 இல் தொடங்கும் டிஓஐ எண் எல்லாவற்றையும், மூலங்களைக் குறித்துவைக்கும் மென்பொருளான ஸொட்டேரோவில் சேருங்கள்.

ஆனால் ஸொட்டேரோ தானாகப் பதியும் விவரத்தை அப்படியே நம்ப வேண்டாம். நம்மவர் பெயரில் தகப்பன் பெயர் முன்னே வருவதால், மென்பொருள் அதையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றிவிடலாம். கட்டுரையின் முதற்பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். நீங்கள் வாசிக்காத மூலத்தை வாசித்ததாகப் பட்டியலில் இடவே கூடாது.